கடுகும் கோட்டையும்

வருஷம் பிறக்கப் போகிறதென்றால் பத்திரிகைக்காரர்களுக்கு எழுத்தாளர்களின் ஞாபகம் வந்துவிடும். "புத்தாண்டில் தாங்கள் எதற்கு நன்றி சொல்லுகிறீர்கள்? எதைக் கண்டு வியக்கிறீர்கள்? பத்து வரிக்குள் எழுதி அனுப்புங்கள்" என்று கேட்பார்கள். ஜனவரிக்கு ஒரு தரம், சித்திரைக்கு ஒரு தரம். நடுவே தை பிறக்கும்போதும் கேட்கிறவர்கள் உண்டு. தை முதல் நாள்தான் தமிழ்ப் புத்தாண்டு என்று 2008-இல் சட்டம் வந்ததும், 2011-இல் அந்தச் சட்டம் போய் மறுபடியும் சித்திரையே திரும்பி வந்ததும் வாசகர்களுக்குத் தெரிந்த கதை. எந்த மாதத்தில் வருஷம் பிறந்தாலும் எழுத்தாளனுக்குப் பத்து வரி பாக்கி உண்டு. நானும் தவறாமல் அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன்.

சித்திரைக்கு வீட்டை ஒழிக்கும்போது, இப்படி நான் எழுதிய நாலைந்து புத்தாண்டுச் செய்திகள் கையில் அகப்பட்டன. உட்கார்ந்து படித்தேன். எல்லையற்ற வானம், ஓங்கி நிற்கும் மலை, மகத்தான மானிட ஜாதி என்று ஒன்றுவிடாமல் வந்திருந்தன. ஒரு செய்தியில் மட்டும் வியப்புக் குறிகளை எண்ணிப் பார்த்தேன். பத்து வரியில் ஏழு. அந்த ஏழில் ஒன்றுகூட உண்மையில் வியக்கவில்லை. நன்றி என்ற சொல் மூன்று தடவை வந்திருந்தது. யாருக்கு நன்றி என்பது ஒரு தடவைகூட வரவில்லை.

இது என் ஒருவனுடைய குறையாக இருந்தால் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு வேலை பார்த்திருப்பேன். ஆனால் யோசிக்க யோசிக்க, இது இன்றைய நம் கதைகளிலும் கட்டுரைகளிலும் பரவலாக இருக்கும் குறை என்றே படுகிறது. பெரியதைக் கண்டு வாய் பிளக்கத் தெரிந்த அளவுக்குச் சின்னதைக் கண்டு நிற்க நமக்குத் தெரியவில்லை. அதனால் நன்றி என்பதும் நம் எழுத்தில் மேடைப் பேச்சின் கடைசி வார்த்தையாகவே நின்றுவிட்டது. இதைக் கொஞ்சம் ஆராய்ந்து பார்க்கலாம் என்பதே இந்தக் கட்டுரை.

முதலில் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். நம் வீடுகளில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லுவதில்லை. சாதம் போட்ட அம்மாவைப் பார்த்து 'நன்றி' என்று ஒரு பிள்ளை சொன்னால், அவள் அவன் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் அடிக்கிறதா என்றுதான் பார்ப்பாள். இதைக் கண்டு, தமிழனுக்கு நன்றி சொல்லும் பழக்கமே கிடையாது என்று குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது சரியென்று தோன்றவில்லை. வெயிலில் வந்தவனுக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்துப் பாருங்கள். குடித்துவிட்டு அவன் 'வயிறு குளிர்ந்தது' என்பான். வயதானவர்களானால் 'மவராசியா இரு' என்பார்கள். முதலாவது, கிடைத்ததைப் பற்றியது. இரண்டாவது, கொடுத்தவளைப் பற்றியது. கிடைத்தது என்ன, கொடுத்தது யார் என்கிற இரண்டும் தெரிந்தபிறகு தனியாக நன்றி என்று ஒரு சொல் எதற்கு?

பழைய தமிழில் நன்றி என்பதற்கு நன்மை, நல்ல செயல் என்பதே பொருள். அது ஒருவர் செய்வது; வாயால் சொல்லுவது அல்ல. அதனால்தான் வள்ளுவர் தம் 11-ஆம் அதிகாரத்துக்குச் செய்ந்நன்றியறிதல் என்று பெயர் வைத்தார். செய்த நன்மையை அறிதல். சொல்லுதல் என்றோ, உணர்ந்து உருகுதல் என்றோ அவர் பெயரிடவில்லை. அறிதல் என்றார். நன்றியை அவர் அறிவின் காரியமாக வைத்தார். அந்த அதிகாரத்தில் அளவைப் பற்றிய பேச்சே அதிகம். தினை அளவு உதவியைப் பனை அளவாக எண்ணுகிறவர்களே அதன் பயனைத் தெரிந்தவர்கள் என்கிறார். தக்க சமயத்தில் செய்த உதவி சிறியதானாலும் உலகத்தைவிடப் பெரியது என்கிறார். ஒரு பொருளின் உருவத்துக்கும் மதிப்புக்கும் உள்ள கணக்கை மாற்றிப் போட்டுக்கொண்டே போகிறார்.

வியப்பைப் பற்றித் தொல்காப்பியர் சொன்னதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகிறது. மெய்ப்பாடுகள் எட்டு என்று அவர் வகுத்தார். அவற்றில் ஒன்று மருட்கை, அதாவது வியப்பு. அது நான்கு காரணங்களால் பிறக்கும்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். அறிவு எட்டாமல் திகைத்து நிற்கும் இடத்தில் இவை தோன்றும் என்பது அவர் கருத்து. பழைய உரைகாரர்கள் பெருமைக்கு மலையையும் யானையையும் உதாரணம் காட்டினார்கள். அது யாருக்கும் தோன்றக்கூடியதுதான். ஆனால் சிறுமைக்குக் கடுகைக் காட்டினார்கள். அவ்வளவு சின்னக் கடுகுக்குள் பல துளைகள் இருந்தால் எப்படி வியப்போம், அந்த மாதிரி என்றார்கள். ஆக்கம் என்பது ஒன்று வேறொன்றாக மாறி நிற்பதைக் கண்டு வியப்பது.

சித்திரை முதல் நாள் எங்கள் வீட்டில் மாங்காய்ப் பச்சடிக்குக் கடுகு தாளித்தபோது, அது வெடிக்கும் சத்தத்தைக் கேட்டு எனக்கு இந்த உரைகாரர்கள் ஞாபகம்தான் வந்தது. வெல்லமும் மாங்காயும் வேப்பம்பூவும் கலந்த அந்தச் சட்டியில் தொல்காப்பியரின் நாலு காரணங்களில் இரண்டு இருந்தன. கடுகு சிறுமை. புளிப்பும் கசப்பும் இனிப்பும் சேர்ந்து, எதுவும் தனியாக இல்லாத ஒரு ருசியாக மாறியது ஆக்கம். புதுமையோ பெருமையோ அதில் கிடையாது. வருஷா வருஷம் செய்கிற பச்சடி. ஒரு கரண்டி அளவு.

என் குற்றச்சாட்டு இதுதான்: தொல்காப்பியர் வியப்புக்கு நாலு வாசல் வைத்தார். நாம் இரண்டைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டைச் சாத்திவிட்டோம். புதுமை, பெருமை என்கிற வாசல்களில் கூட்டம் நெரிகிறது. சிறுமை, ஆக்கம் என்கிற வாசல்களில் நூலாம்படை கட்டியிருக்கிறது.

இதற்குச் சாட்சி தேடி நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. என் ஜன்னலைத் திறந்தால் செஞ்சிக் கோட்டை தெரிகிறது.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று மூன்று மலைகளை மதிலால் வளைத்துக் கட்டிய கோட்டை. ராஜகிரி மட்டும் ஏறக்குறைய 800 அடி உயரம். நாயக்கர்களும், பீஜப்பூர் சுல்தானின் ஆட்களும், மராத்தியரும், முகலாயரும், ஆற்காட்டு நவாபும், பிரெஞ்சுக்காரரும், இங்கிலீஷ்காரரும் மாறி மாறி ஆண்ட இடம். 1677-இல் சிவாஜி இதைப் பிடித்தார். அவர் பிள்ளை ராஜாராம் இதற்குள் இருந்துகொண்டு 1690 முதல் 1698 வரை முகலாயரின் முற்றுகையைத் தாங்கினார். 1750-இல் பிரெஞ்சுக்காரர் புகுந்தார்கள். 1761-இல் அவர்களும் போனார்கள். கிழக்கின் டிராய் என்று வெள்ளைக்காரர் இதற்குப் பட்டம் கொடுத்தார்கள். 2025 ஜூலையில், மராத்தியரின் 12 கோட்டைகளை உலக பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்து அந்தப் பட்டியலில் சேர்ந்த ஒரே கோட்டை இதுதான். ஆக, பெருமைக்கு இதைவிட வேறு முத்திரை வேண்டாம்.

இந்தக் கோட்டையைப் பற்றித் தமிழ் ஜனங்கள் அறிந்த இலக்கியம் தேசிங்குராஜன் கதை. பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சாகித் திருவிழாக் கடைகளில் விற்று, கூத்தாக ஆடப்பட்டு, 1960-இல் எம்.ஜி.ஆர். நடித்த சினிமாவாகவும் வந்தது. சரித்திரத்தில் தேசிங்கு என்பவன் தேஜ்சிங் என்ற புந்தேல ராஜபுத்திர இளைஞன். அவன் தகப்பன் சொரூப்சிங் செஞ்சிக் கோட்டையின் அதிகாரியாக இருந்தவன். 1714-இல் தகப்பன் இறந்தான். அதே வருஷம் அக்டோபர் 3-ஆம் தேதி, ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரிய சேனையைச் சில நூறு குதிரை வீரர்களோடு எதிர்த்துப் போய் மகன் மாண்டான். சில மாதங்களே செஞ்சியில் இருந்த ஒரு பிள்ளையை மூன்று நூற்றாண்டாக ஜனங்கள் பாடிக்கொண்டிருக்கிறார்கள். இது சாதாரண விஷயமல்ல. அந்தக் கதைப்பாடலை நான் லேசாக எண்ணிப் பேசவில்லை.

இருந்தாலும் அதன் வியப்பு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். டில்லி பாதுஷாவின் அடங்காத குதிரை பாராசாரி; யாராலும் ஏற முடியாததன் மேல் இந்தப் பையன் ஏறி உட்காருகிறான். அது புதுமை. எண்ண முடியாத சேனைக்கு எதிரே ஒரு சிறு கூட்டம் பாய்கிறது. அது பெருமை. அந்தக் குதிரைக்குக் கொள்ளு வேகவைத்தவன் யார், லாடம் அடித்தவன் யார் என்று பாட்டுக்காரன் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவும் இல்லை.

நியாயமாகச் சொன்னால், ஒரு இடத்தில் அவன் மற்ற வாசலையும் தொட்டுவிடுகிறான். தேசிங்கின் நண்பன் மோவுத்துக்கானுக்குக் கல்யாணம் நடக்கிறது. மணக்கோலத்தில் இருக்கும்போது நண்பனுக்கு ஆபத்து என்று ஓலை வருகிறது. அப்படியே எழுந்து குதிரை ஏறி வந்துவிடுகிறான். கதை முழுவதையும் கேட்டு மறந்தவர்கள்கூட இந்த இடத்தை மறப்பதில்லை. கூத்துப் பார்க்கும் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் இடமும் இதுதான். ஏன்? ஒரு மணமகன் எழுந்து நிற்பது, பிரமாதமான பராக்கிரமம் ஒன்றும் இல்லை. ஆனால் உண்ட உப்பையும் பழகிய பழக்கத்தையும் அறிந்த ஒருவன் அங்கே எழுந்து நிற்கிறான். அறிதல் என்று வள்ளுவர் சொன்னது, ஒரு கணத்தில் உடம்பாகி நிற்கிறது. கதைப்பாடலின் சிறந்த இடம், அது வாய் பிளக்காத இடம்.

இனி என் கதைக்கு வருகிறேன். இருபத்தைந்து வயதில் செஞ்சியைப் பற்றி நானும் ஒரு சரித்திரத் தொடர்கதை எழுதினேன். என் கதாநாயகன் ராஜகிரியின் உச்சிக்கு முன்னால் உள்ள பெரிய பிளவை, பாலமில்லாமலே, நிலா வெளிச்சத்தில் தாண்டினான். அந்த வாரம் வாசகர் கடிதங்கள் மூட்டையாக வந்தன. புத்தகமும் வந்தது. உள்ளூரில் எனக்கு ஒரு சின்ன மரியாதையும் வந்தது.

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு சித்திரை மாதம், வெளியூரிலிருந்து வந்த நண்பர் ஒருவரை அழைத்துக்கொண்டு கோட்டை ஏறிவிட்டு இறங்கினேன். வாசலில் வெள்ளரிப்பிஞ்சு விற்கும் ஒரு கிழவி. நண்பர் என்னைக் காட்டி, "இவர்தான் ஆயா, உங்கள் கோட்டையைப் பற்றிக் கதை எழுதினவர்" என்று பெருமையாகச் சொன்னார். கிழவி பிஞ்சைக் கீறி உப்பும் மிளகாய்த் தூளும் தடவிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"மேல வரைக்கும் ஏறினியா தம்பி?"

"ஏறினேன் ஆயா."

"குடிக்கத் தண்ணி கொண்டுபோனியா?"

"இரண்டு பாட்டில் கொண்டுபோனோம்."

"ரெண்டு ஆளுக்கு ரெண்டு பாட்டில். அந்தக் காலத்துல மேல அவ்ளோ சனம் இருந்துதே, அதுங்களுக்கு யாரு தண்ணி தூக்கினதுன்னு எழுதியிருக்கியா?"

"உச்சியில் சுனை இருக்கிறது, ஆயா. வற்றாத சுனை" என்றேன். எனக்குச் சரித்திரம் தெரியும் என்று காட்ட வேண்டுமல்லவா!

"சுனை இருக்குது. யாரு இல்லைன்னா? அது தானா வந்து குடத்துல குந்திக்குமா?" என்று சொல்லிவிட்டு, பிஞ்சுக்குச் சில்லறையை வாங்கி மடியில் முடிந்துகொண்டாள்.

நண்பர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. முப்பத்தெட்டு அத்தியாயம் எழுதியிருக்கிறேன். ஒரு அத்தியாயத்திலும் யாரும் தண்ணீர் குடிக்கவில்லை. எட்டு வருஷ முற்றுகையைத் தாங்கிய கோட்டையைப் பற்றி எழுதியவனுக்கு, முற்றுகையைத் தாங்கியது மதில் மட்டுமல்ல, நெல்லும் தண்ணீரும்தான் என்பது தெரியாமல் போயிற்று. பெருமை என்கிற ஒரே வாசல் வழியாக நுழைந்தவன் நான்.

மறுநாள் காலையில் தனியாகப் போய், கண்ணைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு கோட்டைக்குள் நடந்தேன். மலைக்கு அடியில் உள்ள களஞ்சியத்தின் தடித்த சுவர்கள்மேல் கையை வைத்துப் பார்த்தேன். கல்யாண மகாலுக்கு மண்குழாய் வழியாகத் தண்ணீர் கொண்டுபோய், மேல் தளங்களுக்கே ஏற்றியிருக்கிறார்கள். உயரத்திலிருந்து இறங்குகிற தண்ணீரைக் குழாய்க்குள் அடைத்தால், அது தன் பழைய மட்டத்துக்கே ஏறப் பார்க்கும். எந்தப் பள்ளிக்கூடத்துப் பையனுக்கும் தெரிந்த சின்ன உண்மை. ஆனால் அந்தச் சின்ன உண்மையை நம்பி, சுட்ட மண் துண்டுகளை ஒன்றோடொன்று செருகிக்கொண்டே போன ஒரு குயவனும் கொத்தனும் இருந்தார்கள். ராஜாக்களின் பெயரெல்லாம் தெரிகிறது. அவர்கள் பெயர் தெரியவில்லை.

கோட்டையை விட்டு வெளியே வந்தாலும் இதே பாடந்தான். ஊருக்கு அருகே திருநாதர்குன்று என்று ஒரு பாறைக் குன்று இருக்கிறது. 24 தீர்த்தங்கரர்களையும் ஒரே பாறையில் இரண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். அங்கே ஒரு சிறு கல்வெட்டு. 57 நாள் உண்ணாமல் நோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரின் நினைவுக்கல் அது. 'ஐ' என்னும் எழுத்து நமக்குக் கிடைக்கிற மிகப் பழைய கல்வெட்டுகளில் அதுவும் ஒன்று என்று அறிஞர்கள் போற்றுகிறார்கள். ஐம்பத்தேழு என்று எழுத வேண்டி வந்தது. அந்த எழுத்து கல்லில் நின்றுவிட்டது. குழந்தைகள் ஐந்து விரலையும் காட்டி 'ஐ' என்று சத்தம் போட்டுப் படிக்கிற அதே எழுத்து. கோட்டையைப் பார்க்க வருகிற ஆயிரம் பேரில் ஒருவர் இதைப் பார்க்கப் போவதில்லை.

செஞ்சியிலிருந்து சற்றுத் தூரத்தில் மண்டகப்பட்டு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் அங்கே ஒரு பாறையைக் குடைந்து கோயிலாக்கினான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் பிரம்மனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் இந்தக் கோயிலைச் செய்தேன் என்று அவன் கல்வெட்டுச் சொல்லுகிறது. அதில் தன்னை அவன் விசித்திரசித்தன் என்று அழைத்துக்கொள்கிறான். வியக்கத் தெரிந்த மனசுக்காரன் என்று நான் அதற்கு அர்த்தம் செய்துகொள்கிறேன். கோயில் சின்னது. உருவத்தில் செஞ்சிக் கோட்டையின் ஒரு மூலைக்குக் காணாது. ஆனால் பாறை கோயிலாக மாறிய அந்த மாற்றத்தைக் கண்டு அவனே ஆச்சரியப்பட்டு நிற்கிறான். என்னென்ன இல்லை என்று எண்ணிச் சொல்லும் அந்தப் பேச்சில், ஒரு குழந்தையின் குதூகலம் இருக்கிறது. அதுதான் ஆக்கம்.

நம் பெருங்கவிகளும் இந்த வாசல்களை அறிந்தவர்கள்தாம். இளங்கோ காவியம் தொடங்கும்போது திங்களையும் ஞாயிறையும் மழையையும் போற்றிவிட்டுத்தான் புகாரைப் போற்றுகிறார். கம்பர் தம் கதையை அரண்மனையில் தொடங்கவில்லை, ஆற்றில் தொடங்கினார். வள்ளுவர் கடவுளை வாழ்த்தியவுடன் மழைக்கு வந்துவிட்டார். தினம் உதிக்கிற சூரியனும், வருஷம் தவறாமல் எதிர்பார்க்கிற மழையும், ஊர்ப் பக்கத்தில் ஓடுகிற ஆறும் புதுமையானவை அல்ல. பழக்கமானதைப் பழக்கம் என்று தள்ளாமல் பார்த்ததுதான் அவர்கள் பெருமை.

இக்காலத்தில் அப்படிப் பார்த்தவர் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. தேசிங்கு ராஜாவைப் பற்றிப் பேசினோம். இன்னொரு ராஜாவைப் பற்றிச் சொல்லுகிறேன். கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' என்ற கதையை வாசகர்கள் படித்திருப்பார்கள். தீபாவளிக்கு முன்தினம், ஏழைத் தாய் ஒருத்தியின் வீட்டு வாசலுக்கு ஒரு அநாதைப் பையன் வருகிறான். உடம்பெல்லாம் சிரங்கு. பெயர் ராஜா. அவள் அவனைத் தன் பிள்ளைகளோடு சேர்த்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். தன் கணவனுக்கென்று வைத்திருந்த புதுத் துணியை அவனுக்கு உடுத்துகிறாள். பணக்கார வீட்டுப் பையன், தங்கள் வீட்டுக்கு ஜமீன் ராஜா மாப்பிள்ளையாக வந்திருக்கிற பெருமையைச் சொல்லும்போது, இந்த வீட்டுச் சிறுமி தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாகக் கள்ளம் கபடமில்லாமல் சொல்லுகிறாள். அவ்வளவுதான் கதை.

அழகிரிசாமி இங்கே ஒரு வியப்புக் குறியையும் நம் மேல் வீசவில்லை. தாயின் தியாகத்தைப் பாருங்கள் என்று தோளைத் தட்டவில்லை. எண்ணெய் தேய்ப்பதைச் சொல்லுகிறார். துணி கட்டுவதைச் சொல்லுகிறார். முடிவில் ஒரு பிச்சைக்காரப் பையன் உண்மையாகவே ராஜாவாகிவிடுகிறான். சிறுமையும் ஆக்கமும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கிற இடம் இது. ஒரு கதாநாயகனை நிலா வெளிச்சத்தில் மலைப் பிளவு தாண்ட வைப்பது சுலபம், நானே செய்திருக்கிறேன். ஒரு சிரங்குப் பையனை ஒரு துண்டுத் துணியால் ராஜாவாக்குவதற்கு அழகிரிசாமி வேண்டும்.

இவ்வளவு தூரம் என்னோடு வந்த வாசகர்களில் சிலருக்கு ஒரு கோபம் வந்திருக்கும். அது நியாயமான கோபம். "சின்ன விஷயங்களைக் கண்டு வியந்து நன்றியோடு இருங்கள் என்று சொல்லுவது யாருக்கு லாபம்? கஞ்சி குடிக்கிறவனைப் பார்த்து, கஞ்சியின் அற்புதத்தை எண்ணித் திருப்திப்படு என்று சொல்லுகிற தந்திரம் அல்லவா இது? ஏழைக்கு நன்றியைப் போதித்தே காலம் காலமாக அவனை உட்கார வைத்தார்கள்" என்று ஒருவர் கேட்டால், நான் எடுத்த எடுப்பில் மறுக்க மாட்டேன். அப்படிப்பட்ட போதனை நடந்திருக்கிறது, இன்னும் நடக்கிறது. புத்தாண்டு மலர்களில் நாங்கள் எழுதும் பத்து வரிகளில் பாதி அந்த ரகம்தான்.

ஆனால் வள்ளுவர் சொன்ன நன்றி அதுவல்ல. கிடைத்ததோடு திருப்திப்படு என்று அந்த அதிகாரத்தில் அவர் சொல்லவில்லை. செய்தவனை அறி என்றார். அறிந்தும் அதைக் கொன்றவனுக்கு மீட்சியில்லை என்றார். இது வாங்கினவன் தலையில் வைக்கிற கடன். அப்படியானால் யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். செஞ்சியில் பெரிய நெல் கமிட்டி இருக்கிறது. அறுவடைக் காலத்தில் மூட்டைகளோடு விவசாயிகள் வெயிலிலும் பனியிலும் காத்துக்கிடப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அந்த நெல்லைச் சோறாகத் தின்கிறவன் நன்றி அறிய வேண்டுமா, விளைவித்தவன் அறிய வேண்டுமா? தண்ணீர் தூக்கினவளைக் கண்டு கோட்டைக்காரன் வியந்திருந்தால், அவள் கூலியைக் குறைக்க அவனுக்குக் கை வந்திருக்குமா? சின்னதைப் பார்க்கத் தெரியாதவன்தான் சின்ன மனிதரை மிதிக்கிறான். வியப்பு அறிவு எட்டாத இடத்தில் பிறக்கிறது என்று தொல்காப்பியர் சொன்னார். நன்றி என்பது அறிவது என்று வள்ளுவர் சொன்னார். முதலில் திகைத்து நிற்கிறோம். பிறகு, இது யார் செய்தது என்று கேட்கிறோம். இரண்டாவது கேள்வி வராவிட்டால் முதலில் வந்தது வியப்பல்ல. வெறும் வேடிக்கை பார்த்தல்.

எழுத்தாளன் செய்ய வேண்டியதும் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பதுதான். வானத்தைப் பற்றியும் மலையைப் பற்றியும் எழுதாதே என்று நான் சொல்லவில்லை. செஞ்சி மலைப் பாறைகளின் வயது சுமார் 250 கோடி வருஷம் என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் சொல்லுகிறார்கள். அந்தக் கணக்குக்கு முன்னால் நாயக்கனும் நவாபும் நேற்று வந்தவர்கள். அதைக் கண்டு தலை சுற்றாதவன் மனுஷனே அல்ல. ஆனால் அந்தப் பாறைக்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. அது நம்மைக் கவனிப்பதுமில்லை. பாறையின் இடுக்கில் குடம் வைத்தவளுக்கு நாம் ஏதாவது செய்ய முடியும். குறைந்தபட்சம் கதையில் அவளுக்கு ஒரு வரி கொடுக்க முடியும்.

என் செஞ்சி நாவலை மறுபதிப்புப் போடப் போவதாகப் பதிப்பாளர் சொன்னார். திருத்தம் ஏதாவது உண்டா என்று கேட்டார். மலைப் பிளவைத் தாண்டுகிற அத்தியாயத்தை எடுத்துவிடலாமா என்று முதலில் நினைத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இருபத்தைந்து வயதுக்காரன் எழுதியது. அவன் தாண்டிவிட்டுப் போகட்டும். ஆனால் தாண்டி முடித்தவனுக்குத் தாகம் எடுத்திருக்கும் அல்லவா? அங்கே ஒரு வாக்கியம் சேர்த்தேன்: 'யாரோ கொண்டுவந்து வைத்திருந்த தண்ணீரை அவன் குடித்தான்.'

சித்திரை முதல் நாள், பச்சடி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து, அச்சுப் பிரதியில் அந்த வாக்கியத்தை மறுபடி படித்தேன். 'யாரோ' என்ற சொல் கண்ணை உறுத்தியது. பழைய பழக்கம் போகவில்லை. மறுபடியும் பெயரில்லாமல் எழுதியிருக்கிறேன். அந்தச் சொல்லை அடித்தேன். அந்த இடத்தில் ஒரு பெண்ணின் பெயர் வேண்டும். அவளுக்கு ஒரு வயது வேண்டும், இடுப்பில் ஒரு குடம் வேண்டும், மலை ஏறின மூச்சு வாங்க வேண்டும். அப்படியானால் ஒரு வாக்கியம் போதாது. பதிப்பாளருக்குக் கூட இரண்டு மாதம் ஆகும் என்று எழுதிப் போட்டிருக்கிறேன்.

பத்திரிகைக்குப் பத்து வரி இந்த வருஷம் அனுப்பவில்லை.